கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலும் அதன் முடிவும்

ஐக்கிய நாணயச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் டைரக்டர்களைத் தெரிந்தெடுத்துப் பழகிய அங்கத்தினர்களுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் புதிய விஷயமன்று. ஆயினும் சீட்டைப் பெட்டியில் இட்டதோடு தம் கடமை தீர்ந்ததென எண்ணுவோர் அநேகர்.

2019-ல் காஞ்சீபுரம் ஜில்லாவினின்று செங்கற்பட்டு ஜில்லா பிரிக்கப்பட்டமையால், அவ்வாண்டு டிசம்பரில் ஏனைய ஜில்லாக்களில் நடந்த தேர்தல் இங்கு நிறுத்தப்பட்டது. பிறகு 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் வோட்டுப் பதிவும், 12-ந் தேதி எண்ணிக்கையும் நடந்தேறின. வோட்டர் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள்: வார்டு அங்கத்தினருக்கு வெள்ளை, பஞ்சாயத்துத் தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, ஜில்லா கவுன்சிலருக்கு மஞ்சள். முன்னிரண்டிற்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நான்கையும் நிறவாரியாகப் பிரித்தே எண்ணவேண்டியிருப்பதால் முடிவு தாமதிக்கும். இரு சின்னங்களுக்கு நடுவே முத்திரை விழுந்தால், எவருக்கு இடப்பட்டதெனத் தெளியாத அச்சீட்டு செல்லாது. சிறு வார்டில் அத்தகைய ஒரு சீட்டே வெற்றியை மாற்றிவிடக் கூடும். இரு அபேட்சகர்கள் சமமான வோட்டுப் பெறின், திருவுளச் சீட்டே தீர்ப்பு.

இத்திருவுளச் சீட்டு இந்த ஜில்லாவிற்குப் பழமையான சொத்து. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுச் சாசனங்கள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். அது பிராமண சபையாதலால் மற்றையோருக்கும் ஸ்திரீகளுக்கும் அதில் இடமில்லை. அவ்வளவில் அது பின்பற்றத்தக்கதன்று. (இக்காலத்தில், 2016-ல் செய்த திருத்தப்படி, ஸ்தானங்களில் பாதி ஸ்திரீகளுக்கு உரியது.) ஆனால் ஒரு விதி மிகவும் கவனிக்கத்தக்கது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் பெயரிடப்படலாகாது. தவணை தவறியவன் டைரக்டராகலாகாதென்னும் சங்க விதியும் இதற்கு ஒருவகையில் உறவே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பஞ்சாயத்துகளுக்கு இவ்விதி அதிகம் வேண்டும். ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்தபின், வீட்டுவரியும் தொழில்வரியும் பெருகின. வருமானம் பெருகிய இடத்தில் பதவிக்குப் போட்டியும் பெருகுவது இயல்பு. வோட்டிற்குக் கொடுத்த பணத்தை வென்றவர் எங்கிருந்து மீட்பார் என்பதை வாங்குவோர் யோசிப்பதில்லை.

மற்றொரு சங்கடமும் உண்டு. வாடகை அறைகளில் வசிக்கும் வெளியூர்த் தொழிலாளர் பலருடைய பெயர் சொந்த ஊர் ஜாபிதாவிலேயே இருக்கிறது. தண்ணீரும் சாக்கடையும் அவர்களுக்கும் வேண்டும்; வோட்டோ இல்லை. ஆகவே அவர்கள் பொருட்டுக் கேட்கவேண்டியவர் உள்ளூர் வோட்டரே.

கேட்குமிடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் அது கூடும். வரவு செலவு அங்கே படிக்கப்படும்போது, சங்கத்தின் ஐந்தொகையைப் பார்ப்பதுபோலவே, சென்ற ஆண்டு வரி எவ்வளவு வசூலாயிற்று, எந்தத் தெருவிற்குச் செலவாயிற்று, பாக்கி யார்மீது என்று அங்கத்தினர் கேட்கலாம்.