பட்டுக்கூட்டிலிருந்து ஆக்சிஜன் தரும் பஞ்சு: முழுமையான வழிகாட்டி

அந்தியூர், கோபி வட்டாரத்தில் விளையும் வெண்பட்டுக்கூடு நெசவுக்கு மட்டுமல்ல, திசுப் பொறியியலுக்கும் மூலப்பொருள். பட்டிழையின் உட்பகுதியான ஃபைப்ரோயின் என்ற புரதத்தைப் பஞ்சாக்கி, அதில் செல்களை வளர்க்கிறார்கள். ஆனால், ரத்தநாளத்திலிருந்து 0.1 முதல் 0.2 மி.மீ. தாண்டினாலே செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. புது நாளங்கள் முளைக்கும்வரை பஞ்சே ஆக்சிஜனை விட்டால்தான் உட்புறச் செல்கள் பிழைக்கும். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் செய்யவேண்டிய படிகள் இவை.

1. கூட்டைத் தேர்ந்தெடுங்கள்

கறைபட்ட கூடு, இரட்டைக்கூடு வேண்டாம். நறுக்கி, உள்ளிருக்கும் புழுவை அகற்றுங்கள்.

2. பசையை நீக்குங்கள்

5 கிராம் கூடு, 2 லிட்டர் தண்ணீர், 4.24 கிராம் சோடியம் கார்பனேட். 30 நிமிடம் கொதித்தால் செரிசின் என்னும் பசை கழன்றுவிடும். கூடுதலாகக் கொதித்தால் புரதச் சங்கிலி அறுந்து பஞ்சு வலுவிழக்கும். மூன்று முறை அலசிக் காயவையுங்கள்.

3. கரையுங்கள்

9.3 மோலார் லித்தியம் புரோமைடில், 60 டிகிரி செல்சியஸில், 4 மணி நேரம். பிறகு டயாலிசிஸ் பையில் ஊற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி 2 நாள் வைத்தால் உப்பு வெளியேறும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2011இல் வெளியிட்ட செய்முறை இது.

4. பஞ்சாக்குங்கள்

கரைசலை உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் வையுங்கள். பனிப்படிகம் இருந்த இடமெல்லாம் துளையாகும். மெத்தனாலில் நனைத்தெடுத்தால் பஞ்சு தண்ணீரில் கரையாது. மெத்தனால் நச்சு, புகைபோக்கி அறையில் கையாண்டு, முழுதும் உலரவிடுங்கள்.

5. ஆக்சிஜனைச் சேருங்கள்

ஆக்சிஜனைத் தரப்போவது கால்சியம் பெராக்சைடு. அது தண்ணீர் பட்டதுமே வினைபுரியத் தொடங்கும். திரவப் பட்டில் நேரடியாகக் கலந்தால், செல்லை இடும் முன்பே பெரும்பகுதி வீணாகும். நீர் எளிதில் புகாத பாலிகேப்ரோலாக்டோன் மணிகளுக்குள் அடைத்து, உலர்ந்த பஞ்சில் சேருங்கள். நீர் மெல்ல ஊடுருவ, ஆக்சிஜனும் மெல்ல வெளிவரும்.

6. நச்சைக் கட்டுப்படுத்துங்கள்

வினையில் முதலில் பிறப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது செல்லைக் கொல்லும். வளர்ப்பூடகத்தில் கேட்டலேஸ் நொதி இருந்தால் அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். கூடவே சுண்ணாம்பும் உருவாவதால் காரத்தன்மை ஏறும், பி.எச். பார்த்துக்கொண்டே இருங்கள். கான்பூர் ஐ.ஐ.டி. குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியம் பெராக்சைடை ஆக்சிஜனேற்றத் தடுப்புத் தன்மையுள்ள பாலியூரித்தேனில் வைத்ததும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பைக் குறைக்கத்தான்.

7. ஒப்பிட்டுப் பாருங்கள்

வெறும் பஞ்சு, பெராக்சைடு இல்லாத மணி வைத்தது, பெராக்சைடு மணி வைத்தது, அதோடு கேட்டலேஸும் சேர்த்தது என நான்கையும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்த்து, உயிருள்ள செல்களை எண்ணுங்கள். மீட்டரில் ஆக்சிஜன் ஏறியும் செல்கள் செத்திருந்தால் பெராக்சைடைக் குறையுங்கள். இங்கே வெற்றிக்கு அளவுகோல் செல்தான், மீட்டர் அல்ல.