தார் பாலைவனப் பூங்காவுக்குப் போகிறீர்களா?

ராஜஸ்தானில் ஜெய்சல்மேரை ஒட்டியிருக்கிறது பாலைவன தேசியப் பூங்கா. பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். அதில் மணல்மேடுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் புல்வெளியும் பாறைத் தரையும். பறவை, விலங்குகளைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

1. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தாண்டிவிடும். குழந்தைகளோடு போகவே வேண்டாம்.

2. பகலுக்குப் பருத்தி முழுக்கைச் சட்டை, இரவுக்கு ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர் மூன்றும் வேண்டும். பளிச்சென்ற நிறங்களைத் தவிர்த்து, காக்கியோ பழுப்போ அணியுங்கள். பறவைகள் மிரளாது.

3. பூங்காவுக்குள் செல்ல வனத்துறை அனுமதி தேவை. ஜெய்சல்மேரில் முந்தைய நாளே விசாரித்து வாங்கிவிடுங்கள்.

4. கானமயிலைப் பார்க்க சுதாசரி பகுதிக்கு விடியற்காலையில் செல்லுங்கள். ஒரு மீட்டர் உயரம் நிற்கும் பறவை. ஆண் 15 கிலோ வரைகூட இருக்கும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. இன்று நாடு முழுவதும் சேர்த்தே 150க்கும் குறைவு என்பது மதிப்பீடு. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். அதனால் ஜீப்பைத் தடத்தை விட்டு இறக்கச் சொல்லி டிரைவரை வற்புறுத்தாதீர்கள். தூரத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, பைனாகுலரில் பாருங்கள். கண்ணில் படாவிட்டாலும் சிங்காரா மான், பாலைவன நரி, கழுகுகள் என்று பார்க்க நிறைய உண்டு.

5. சாம் மணல்மேட்டில் மாலையில் கூட்டமும் பாட்டுச் சத்தமும் அதிகம். அமைதி வேண்டுமென்றால் குரி பக்கம் போகலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது குனிந்து பாருங்கள்: இரவில் நடந்த வண்டின் தடம், மணலில் தையல் போட்டதுபோல் நீண்டு கிடக்கும்.

6. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், கூடவே உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.

7. கேமராவை ஜிப் கவரில் வையுங்கள். லென்ஸில் மணல் பட்டால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ஊதுபந்தால் ஊதிவிட்டு மெல்லிய பிரஷால் தட்டுங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டே போடுங்கள், தேள் இருக்கலாம்.

8. ஜெய்சல்மேரிலிருந்து 17 கிலோமீட்டரில் ஆகல் மரப் படிமப் பூங்கா. 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள்.

9. வழியெங்கும் நிற்கும் கேஜ்ரி, நம் கோயில்களில் தல மரமாக இருக்கும் வன்னிதான். அதன் காய் சாங்ரி. கேர் காயோடு சேர்த்துச் சமைத்ததைக் கம்பு ரொட்டியுடன் அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். உலர்ந்த காய் கடைகளில் கிடைக்கும். வீட்டில் செய்யும்போது இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத் தாளியுங்கள்.