கடிதங்களால் வளர்ந்த வாசகர் வட்டம்

நுழையும்முன்

சமூக ஊடகத்தில் ஒருவருக்கு ஆயிரம் நண்பர்கள் இருக்கக்கூடும். அவர்களுள் அவர் எழுதியதை முழுமையாகப் படிப்பவர் எத்தனை பேர்? படித்து ஐயம் எழுப்புபவர், பிழை திருத்துபவர், தம்மிடம் உள்ளதைக் கொடுத்து உதவுபவர் எத்தனை பேர்? கும்பகோணத்தில் இருந்த கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர், மறக்கப்பட்ட நூல்களுக்கு வாசகர்களைத் தேடிச் சேர்த்த வழியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

*

1880-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றபோது உ.வே.சாமிநாதையருக்கு அகவை இருபத்தைந்து. அப்பணியில் இருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்திற்கு உரியவர் இவரே எனப் பரிந்துரைத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் எனச் சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் ஆழ்ந்து கற்றிருந்த இளைஞருக்குத் தம் புலமையில் ஐயம் ஏதும் இருந்திருக்க நியாயமில்லை.

அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்தார். மரியாதை நிமித்தம் காணச் சென்ற உ.வே.சா.விடம் அவர் என்னென்ன நூல்கள் கற்றீர் என வினவினார். உ.வே.சா. நூல்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனக் கேட்டார். உ.வே.சா. அந்நூலை அதுவரை படித்ததில்லை. முதலியாருக்குக் கிடைத்த ஒரு கையெழுத்துப் படியைக் கொண்டு இருவரும் பாடம் படிக்கத் தொடங்கினர். தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் பெருந்திருப்பம், இப்படி ஒருவர் வீட்டுக் கூடத்தில் இருவர் அமர்ந்து படித்ததில் தொடங்கியது.

படிக்கப் படிக்க இடர்ப்பாடுகள் மிகுந்தன. சிந்தாமணி சமணக் காப்பியம். திருத்தக்கதேவர் ஆளும் சமயக் கருத்துகளும் மரபுச் சொற்களும் சைவ மடத்தில் பயின்ற உ.வே.சா.வுக்குப் புதியவை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், அவ்வுரையை விளங்கிக்கொள்ளவே மற்றொருவர் துணை வேண்டியிருந்தது. அத்துணை தொலைவில் இல்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் இல்லத்திற்கு உ.வே.சா. சென்றபோது அங்கே கோலமும் தோரணமுமாக விழாக்கோலம். காரணம் கேட்டவருக்கு வியப்பு காத்திருந்தது. சிந்தாமணியை முறையாகப் படித்துவந்து அன்று நிறைவு செய்கிறார்களாம்! தாம் ஊர் ஊராகத் தேட எண்ணிய நூல், தாம் வாழும் ஊரிலேயே சிலர் வீட்டில் வழிபாட்டுக்கு உரியதாக வாழ்ந்துகொண்டிருந்தது.

அவர் தயங்கவில்லை. அவர்களிடம் மாணவராக அமர்ந்து ஐயங்களைக் கேட்டார். கல்லூரியில் ஊதியம் பெற்றுத் தமிழ் கற்பிக்கும் ஒருவர், 'எனக்கு இது தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்' என்று அண்டை வீட்டாரிடம் கேட்பது எளிதன்று. அவர்களும் தம் நூலை மதித்துக் கற்க வந்தவரை வேற்றுச் சமயத்தார் என ஒதுக்கவில்லை. பின்னாளில் பௌத்தக் காப்பியமான மணிமேகலையைப் பதிப்பித்தபோதும் இதே முறைதான் கைகொடுத்தது. உடன் பணியாற்றிய பேராசிரியர் மளூர் ரங்காசாரியர் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் உள்ள பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். 1898-இல் மணிமேகலை வெளிவந்தது. கும்பகோணத்தில் இருந்த காலத்திலேயே பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகியனவும் அவரால் அச்சேறின.

ஓர் ஏட்டுச்சுவடியை மட்டும் கொண்டு பதிப்பிக்க இயலாது. ஒன்றில் செல்லரித்த இடம் மற்றொன்றில் நன்றாக இருக்கும். ஒன்றில் விடுபட்ட அடி இன்னொன்றில் கிடைக்கும். ஆகவே சுவடி வைத்திருப்போர் யார், அவர் எங்கு உள்ளார், அவரை அறிந்தவர் யார் என ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டே செல்லவேண்டும். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு பல கதவுகளைத் திறந்தது. ஆயினும் பெரும்பகுதி வேலையைச் செய்தவை கடிதங்களே.

இந்தியாவில் அஞ்சலட்டை அறிமுகமானது 1879 சூலைத் திங்களில். விலை காலணா. உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் சேர்வதற்கு ஓராண்டு முன்பு அது வந்தது என்பதை நினைவில் கொள்வோம். அக்காலத்துக்கு அதுவும் ஒரு புதிய ஊடகமே. இங்கிலாந்தில் 1840-இல் ஒரு பென்னி அஞ்சல் வந்தபின், சார்லசு டார்வின் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டே தோட்டக்காரர்களுக்கும் புறா வளர்ப்போருக்கும் கடல் கடந்த ஆய்வாளர்களுக்கும் கடிதம் எழுதிச் செய்தி திரட்டினார். அவர் எழுதியும் பெற்றுமாக இன்று அறியப்படும் கடிதங்கள் பதினையாயிரத்தை எட்டும். மலிவான அஞ்சல் அனைவர்க்கும் பொதுவாகவே இருந்தது. அதனைக் கொண்டு ஒருவர் என்ன கேட்டார் என்பதில்தான் வேறுபாடு.

*

நூல் ஆயத்தமானபின் அதனை அச்சிடப் பொருள் வேண்டும். இன்றுபோல் பதிப்பகங்கள் முன்வந்து அச்சிடும் காலம் அதுவன்று. பெயர் கேள்விப்படாத நூல். பெயர் பெறாத பதிப்பாசிரியர். அப்போது வழக்கில் இருந்த முறை 'கையொப்பம்' சேர்ப்பது. நூல் வெளிவரும் முன்பே, வெளிவந்ததும் இத்தனை படி வாங்கிக்கொள்வேன் என்று ஒருவர் உறுதி கூறித் தாளில் ஒப்பமிடுவார். அத்தகைய ஒப்பங்களை நம்பியே அச்சு வேலை தொடங்கும்.

இன்றைய ஊடகத்தில் 'விருப்பக்குறி' இடுவதற்கும் அன்று கையொப்பம் இட்டதற்கும் உள்ள தொலைவை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். விருப்பக்குறிக்கு ஒரு நொடி போதும்; அதன்பின் எந்தக் கடப்பாடும் இல்லை. கையொப்பமோ ஒருவர் தம் பெயரையும் பணத்தையும் ஈடாக வைப்பது. எவரும் முன்பின் அறியாதவருக்கு அதனைச் செய்யமாட்டார். உ.வே.சா.வுக்காகக் கையொப்பம் சேர்த்தவர்கள் அவருடைய நண்பர்களும், அந்நண்பர்களின் நண்பர்களுமே. 'இவர் உழைப்பவர், இந்நூல் வெளிவர வேண்டும்' என்று ஒருவர் மற்றொருவரிடம் சொன்ன சொல்லே அங்கு விளம்பரம். கையொப்பம் எல்லாம் உடனே பணமாகிவிடுவதில்லை; கடன் வாங்கியும் அச்சுக்கூலி கொடுத்தார். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள்களைத் திருத்தினார். சென்னையில் வழக்கறிஞராகிவிட்ட இராமசாமி முதலியார் அங்கும் துணை நின்றார். 1887-இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது.

அந்நூலைத் தாமே பதிப்பிக்க விரும்பியவர் மற்றொருவரும் இருந்தார். அவர் யாழ்ப்பாணத்து அறிஞர் சி.வை.தாமோதரம் பிள்ளை. கலித்தொகையை அதே 1887-இல் பதிப்பித்தவர். ஒரே நிலத்தை உழுத இருவரிடையே போட்டி எழுவது இயல்பு, எழவும் செய்தது. ஆனால் அது பகையாக முடியவில்லை. கடிதப் போக்குவரத்தும் மதிப்பும் தொடர்ந்தன. இருவருடைய பதிப்புகளும் இன்று தமிழுக்கு வேண்டியவையாகவே உள்ளன.

உ.வே.சா.வின் பதிப்புகளில் முகவுரை பலராலும் விரைந்து கடக்கப்படும் பகுதி. ஆனால் அதனை நின்று படித்தல் வேண்டும். எந்தச் சுவடி எவரிடமிருந்து கிடைத்தது, எவர் ஒப்புநோக்க உதவினார், எவர் பொருளுதவி செய்தார் என்பவற்றை ஊர்ப்பெயருடன் அவர் குறிப்பிடுகிறார். சுவடி தந்த சிற்றூர்ப் புலவர் பெயரும் செல்வர் பெயரும் அருகருகே நிற்கின்றன. தம் வீட்டுப் பரணில் கிடந்த ஏடு ஒரு நூலுக்கு உயிர் தந்தது என்பதை அச்சில் கண்ட குடும்பம், அந்நூலை வெறும் விலைப்பொருளாகக் கருதியிருக்குமா? அவர்கள் அந்நூலின் பங்காளிகள் ஆயினர்.

நூல் கடல் கடந்தது. பாரிசில் தமிழ் கற்பித்துவந்த ழூலியன் வின்சோன் சிந்தாமணியைக் கண்டு மகிழ்ந்து தமிழிலேயே கடிதம் எழுதினார். அந்நகரத்து நூலகத்தில் உள்ள தமிழ்ச் சுவடிகள் பற்றியும் தெரிவித்தார். ஆக்சுபோர்டில் இருந்த ஜி.யு.போப்பும் உ.வே.சா.வுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். காவிரிக்கரைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியரை இவர்கள் தேடி எழுதியதற்கு அவரது பணியே காரணம்.

*

தெரிந்து தெளிவோம்

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் முயற்சியாகும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு.கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகத் தொடர்பு கொண்டு, ஒருவர் தட்டச்சு செய்ய மற்றொருவர் மெய்ப்புப் பார்த்து நூல்களை உருவாக்கினர். மின்நூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்கள் இடம்பெறுவது இத்திட்டத்தின் வழக்கம்.

*

இன்று அஞ்சலட்டையின் இடத்தைப் புலனமும் முகநூலும் படவரியும் பிடித்துக்கொண்டன. பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் ஊரைப் பற்றி எழுத விரும்புகிறார் எனக் கொள்வோம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஐம்பொன் சிலைகள் வார்க்கப்படுகின்றன. இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்து, எவரோ எழுதிய நான்கு வரியைச் சேர்த்து, ஐம்பது குழுக்களுக்கு அனுப்பிவிடலாம். காலை வணக்கப் படங்களுக்கு இடையே அதுவும் ஒன்றாகக் கரைந்துபோகும்.

மாறாக, அவர் ஒரு பட்டறைக்குச் சென்று, மெழுகில் உருவம் செய்து அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதைப் பார்க்கிறார். இந்த மண்ணே ஏன் என்று கேட்கிறார். நுண்ணிய மண் ஆதலால் மெழுகில் உள்ள நகக்கோடும் அணிகலன் வரியும் அப்படியே பதியும் என்று ஸ்தபதி விளக்குகிறார். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்தில் உலோகம் பாய்கிறது. சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆகவேண்டும், ஆதலால் ஓர் அச்சில் ஒரு சிலைதான். மாணவர் இதனை எழுதி, வெளியிடும் முன் அவரிடமே படித்துக்காட்டி, அவர் இசைவுடன் அவர் பெயரையும் குறிப்பிட்டு வெளியிடுகிறார். முதல் நாளில் இருபது பேர் படிக்கலாம். ஆனால் அந்த இருபதில் ஸ்தபதியின் உறவினர் இருப்பார். வேறு ஊரில் வார்ப்புத்தொழில் செய்பவர் இருப்பார். 'எங்கள் பக்கம் இதற்கு வேறு பெயர்' என்று எழுதும் ஒருவரும் இருக்கக்கூடும். அந்த ஒருவருக்கு மாணவர் எழுதும் மறுமொழியில்தான் உறவு தொடங்குகிறது.

சமூக ஊடகங்கள் எதனை முன்னே காட்டுவது என்பதைப் பெரும்பாலும் மக்களின் உடனடி எதிர்வினையைக் கணித்தே முடிவு செய்கின்றன. சினமும் வியப்பும் விரைவில் எதிர்வினை பெறும். பொறுமையான செய்தி பின்தங்கும். இதனை அறிந்த சிலர் பரபரப்பான தலைப்பிட்டு எண்ணிக்கையைப் பெருக்குகின்றனர். பின்தொடர்வோரை விலைக்கு வாங்குவோரும் உண்டு. சிந்தாமணிக்குப் பொய்க் கையொப்பங்கள் சேர்த்திருந்தால் அச்சுக்கூடத்தின் கணக்கை அவை தீர்த்திருக்குமா?

எழுதியது தவறெனத் தெரிந்தால் செய்யவேண்டியதையும் உ.வே.சா.விடமிருந்து கற்கலாம். முதற்பதிப்புக்குப் பின்னும் அவர் சுவடி தேடுவதை நிறுத்தவில்லை. புதியனவாகக் கிடைத்த படிகளைக் கொண்டு திருத்தி 1907-இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நூல் அவர் மனத்தில் முடிவு பெறாமல் இருந்தது. பிழையைச் சுட்டுபவரை நண்பர் பட்டியலில் இருந்து நீக்கும் இன்றைய வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

1942-இல் உ.வே.சா. மறைந்தார். அவர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் காக்க அடுத்த ஆண்டில் சென்னையில் அவர் பெயரால் நூலகம் நிறுவப்பட்டது. தமக்கு வந்த கடிதங்களை அவர் பாதுகாத்து வைத்திருந்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவை, ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பாசிரியராக இருக்க, 2018-இல் நூலாக வெளிவந்தன. சுவடி இருக்கும் இடம் சொல்லும் கடிதம், நூல் கேட்கும் கடிதம், ஐயம் கேட்கும் கடிதம், பாராட்டும் கடிதம் எனப் பலவகைக் கடிதங்கள் அவருக்கு வந்தன. எழுதியோர் பலர் அவரை நேரில் கண்டவர் அல்லர்.

கற்பவை கற்றபின்

உம் ஊரில் ஒரு தொழிலையோ கலையையோ நன்கறிந்த மூத்தவர் ஒருவரைச் சந்தித்து, அவரிடம் கேட்டறிந்ததை ஒரு பக்க அளவில் எழுதுக. வகுப்பில் படிக்கும் முன் அவரிடம் படித்துக்காட்டி, அவர் கூறிய திருத்தங்களை வேறு நிற மையில் குறிக்க.

உம் பள்ளி நூலகத்தில் உள்ள உ.வே.சா. பதிப்பு ஒன்றின் முகவுரையைப் படித்து, அதில் நன்றியுடன் குறிக்கப்பட்டோர் பெயர்களையும் ஊர்களையும் தமிழ்நாட்டு வரைபடத்தில் குறித்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.