கணிப்பொறி மொழிச் சான்றிதழும் உத்தியோக வாய்ப்பும்

கணிப்பொறிக்குரிய கட்டளைகளை முறைப்படி எழுதுவதற்கு ஜாவா, பைதான் முதலிய மொழிகள் பயன்படுகின்றன. இம்மொழிகளில் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. "இதனைப் பெற்றால் வேலை கிடைக்குமா?" என்று இளைஞரும் பெற்றோரும் பெரும்பாலும் வினவுவது ஆசிரியரிடமும் களப்பணியாளரிடமுமே ஆகும். தேர்வுக் கட்டணம் பல குடும்பங்களில் அரிதிற் சேர்த்த பணமாதலின், விடை தெளிவாக இருத்தல் வேண்டும்.

சான்றிதழின் பயன்

விதை வாங்கும் உழவர் அதன் முளைப்புத் திறனைக் கண்ணாற் கண்டு அறிதல் இயலாது. ஆகவே மூட்டையில் தைத்துள்ள நீலநிறச் சான்று அட்டையை நோக்குகிறார். வேலை கொடுப்போரின் நிலையும் இத்தகையதே. விண்ணப்பிப்பவரின் திறன் வெளிப்படையாகத் தெரியாதபோது ஏதேனும் ஓர் அடையாளத்தை அவர் நாடுகிறார். மைக்கேல் ஸ்பென்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1973-இல் இதனை ஆராய்ந்து விளக்கினார்; 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். திறன் குறைந்தோர் எளிதிற் பெற இயலாத அடையாளமே மதிப்புடையது என்பது அவர் கொள்கையின் சாரமாகும்.

இதனின்றும் இரண்டு முடிவுகள் பெறப்படும். முதலாவது, பெயர் பரவாத கல்லூரியில் பயின்றவருக்கும், வேறு துறையிலிருந்து கணிப்பொறித் துறைக்கு வர விரும்புபவருக்கும் சான்றிதழ் ஓரளவு துணை செய்யும். இரண்டாவது, பல்லாண்டு பணியாற்றித் தம் வேலையையே சான்றாகக் காட்ட வல்லவருக்கு அதனால் விளையும் பயன் சிறிதே.

தேர்வு அளப்பதும் அளவாததும்

ஜாவா மொழியை 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. 2010-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஜாவாத் தேர்வுகளை ஆரக்கிள் நடத்துகிறது. கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்வதே தேர்வின் முறை.

ஓர் எடுத்துக்காட்டு: 7-ஐ 2-ஆல் வகுத்தால் விடை யாது? ஜாவாவில் இரண்டும் முழு எண்களாக இருப்பின் விடை 3. பின்னப் பகுதி விடப்படும். பைதான் 3-இல் சாதாரண வகுத்தற் குறியை இட்டால் விடை 3.5. இத்தகைய நுண்விதிகளைத் தேர்வு நன்கு சோதிக்கிறது. இவ்விதிகளை அறியாதவர் எழுதும் நிரல், தவறான கணக்கைத் தடையின்றித் தரக்கூடும். ஆதலின் தேர்வுக்கெனப் படிக்கும் படிப்பும் ஒரு பயனே. ஆயினும் பெரிய நிரலைத் திட்டமிடுதல், பிறர் எழுதியதில் பிழை காணுதல், குழுவாகப் பணிபுரிதல் ஆகியவற்றை இவ்வகைத் தேர்வு அளப்பதில்லை.

மொழியின் பதிப்பு மாறுவதையும் கருத வேண்டும். ஜாவா 8 2014-இலும், ஜாவா 17 2021-இலும், ஜாவா 21 2023-இலும் வெளிவந்தன. ஜாவாச் சான்றிதழ் குறிப்பிட்ட பதிப்பின் பெயராலேயே வழங்கப்படுகிறது. பழைய பதிப்பின் சான்றிதழ் நாளடைவில் மதிப்புக் குறையும்.

அரசு நிறுவனத் தேர்வு

மத்திய அரசைச் சார்ந்த நீலிட் நிறுவனம், முன்னர் டோயெக் என வழங்கியது, 'ஓ' நிலை, 'ஏ' நிலை முதலிய தேர்வுகளை நடத்துகிறது. 'ஓ' நிலைப் பாடத்தில் பைதான் மொழி இடம்பெற்றுள்ளது. சில அரசுப் பணி அறிவிப்புகளில் இத்தேர்ச்சி கல்வித் தகுதியாகவே குறிக்கப்படுவதுண்டு. அத்தகைய பணிக்கு இச்சான்றிதழ் வெறும் அடையாளமன்று. விண்ணப்பிக்கும் உரிமையையே அளிப்பது.

வழிகாட்டுவோர் கவனிக்க வேண்டியவை

1. மாணவர் விரும்பும் பணியின் அறிவிப்பை முதலிற் படித்து, சான்றிதழ் கேட்கப்படுகிறதா எனக் காணல் வேண்டும்.

2. பயிற்சி நிலையம் வருகைக்காகத் தரும் சான்றையும், மேற்பார்வையுடன் நடைபெறும் தேர்வின் சான்றையும் ஒன்றெனக் கருதலாகாது.

3. வினாக்களை முன்னரே பெற்று மனப்பாடம் செய்தல் கூடாது. நேர்முகத் தேர்வில் குறை வெளிப்படும். சான்றிதழும் ரத்தாகக் கூடும்.

4. தேர்வுக்கு முன்பே மாணவர் தாமாக ஒரு பயனுள்ள நிரலை எழுதி முடித்தல் நலம். பள்ளி வருகைப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு போன்றவை அதற்குத் தக்கவை.

5. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துமாறு எவரையும் தூண்டலாகாது.

நல்ல விதைக்கு அட்டை துணை செய்யும். முளைக்க வேண்டியது விதையே. திறனை முதலில் வளர்த்து, தேவை கண்டபின் சான்றிதழை நாடுமாறு அறிவுறுத்துவதே முறையாகும்.