பம்ப்பை இயக்கும் முன்

கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்ச உறிஞ்ச, வெளிக்காற்று அதை நெருக்கத் தொடங்கிவிடும். முழு வெற்றிடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ சுமை. 25 செ.மீ. விட்டமுள்ள டெசிக்கேட்டர் மூடியின் மேல் மட்டும் கிட்டத்தட்ட 500 கிலோ. நல்ல கண்ணாடி தாங்கும். கீறல் விழுந்தது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடைந்தால் சில்லுகள் உள்நோக்கிப் பாய்ந்து, மறுபக்கமாக வெளியே தெறிக்கும். கரைப்பானும் கூடவே வரும்.

ஆகவே முதல் வேலை, சரியான பாத்திரத்தை எடுப்பது. உருண்டை அடிக் குடுவை சுமையைச் சீராகப் பரப்பும். தட்டை அடியுள்ள சாதாரணக் கூம்புக் குடுவையைப் பம்ப்போடு இணைக்கவே கூடாது. வடிகட்டும் புக்னர் குடுவையும் கூம்புதானே என்றால், அதன் சுவர் வெற்றிடத்துக்கென்றே தடிமனாகச் செய்யப்பட்டது.

அடுத்து, ஒவ்வொரு முறையும் பாத்திரத்தை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கழுத்து, இணைப்புகள், அடிப்பகுதி மூன்றிலும் நட்சத்திரம்போல் கிளைத்த விரிசல் இருக்கிறதா? இருந்தால் அன்றே ஒதுக்குங்கள். ஒட்டவைத்துச் சீர்செய்த பாத்திரமானால், உலையில் வைத்து மெல்ல ஆற்றப்பட்டதா என்று கண்ணாடிக் கலைஞரிடம் கேளுங்கள். “இன்னும் ஒரு தடவை தாங்கும்” என்ற பேச்சு ஆய்வகத்தில் எழவே கூடாது. என் கணிப்பில், பாதுகாப்பில் பாதி இந்தச் சோதனையிலேயே முடிந்துவிடுகிறது.

சோதித்த பிறகே டேப்போ வலையோ சுற்றுங்கள். முன்பே சுற்றினால் விரிசல் மறைந்துவிடும். டேப் சில்லுகளை ஓரளவுதான் பிடிக்கும். ஃப்யூம் ஹுட்டின் கதவை இறக்குங்கள். அது இல்லாத மேசையில் பாலிகார்பனேட் தடுப்பை வையுங்கள், பக்கத்தில் வேலை செய்பவரையும் மறைக்கும்படி. பக்கங்கள் மூடிய கண்காப்பும் அதன்மேல் ஃபேஸ் ஷீல்டும் வேண்டும். பவர் கண்ணாடி இதற்கு ஈடாகாது.

ரோட்டாவேப்பில் முதலில் குடுவையைச் சுழலவிட்டு, வெற்றிடத்தைப் படிப்படியாகக் கூட்டி, பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறக்குங்கள்.

திரவ நைட்ரஜன் குளிர்பொறிதான் மிகுந்த கவனம் கேட்பது. நைட்ரஜன் கொதிப்பது -196 டிகிரி செல்சியஸில். ஆக்சிஜன் -183 டிகிரியிலேயே திரவமாகிவிடும். எங்காவது கசிவு இருந்து காற்று தொடர்ந்து உள்ளே போனால், பொறியில் வெளிர்நீலத் திரவ ஆக்சிஜன் சேரும். கரிமக் கரைப்பானோடு அது சேர்ந்தால் வெடிபொருள். எனவே பம்ப்பை இயக்கி, கசிவில்லை என்று உறுதியான பிறகே பொறியை நைட்ரஜனில் அமிழ்த்துங்கள். நீலம் தெரிந்தால் நைட்ரஜன் பாத்திரத்தை அகற்றாதீர்கள், பம்ப்பை நிறுத்தாதீர்கள். ஹுட்டை மூடி, எல்லோரையும் வெளியேற்றி, பாதுகாப்பு அலுவலரை அழையுங்கள். உலர்பனிக்கட்டி (-78 டிகிரி) போதுமான வேலைக்குத் திரவ நைட்ரஜனை நாட வேண்டாம். கண்ணாடி டிவார் குடுவையின் இரட்டைச் சுவருக்கு இடையிலும் வெற்றிடம் உண்டு. அதற்கும் டேப்போ உலோக உறையோ தேவை.

வேலை முடிந்ததும் சூட்டை ஆறவிடுங்கள். பொறி இருந்தால், காற்றை உள்ளே விடும் முன் நைட்ரஜன் பாத்திரத்தை இறக்கிவிடுங்கள். பிறகு வால்வை மெல்லத் திறந்து காற்றை விட்டு, பம்ப்பை நிறுத்துங்கள். டெசிக்கேட்டரை வெற்றிடத்தோடு தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். காற்றின் சீறல் முழுக்க அடங்கிய பிறகு மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள்.