தோட்டத்துக்கு முந்திய நம் வரலாறு

ஓரினத்தின் வரலாறு எங்கே தொடங்குகிறது? இவ்வினாவுக்கு விடை கூறியோர் பெரும்பாலும் அவ்வினத்தை ஆண்டவர்களே. அவர்கள் எழுதிய ஏட்டில் ஒரு மக்களின் பெயர் முதன்முதலாக எப்பக்கத்தில் வருகிறதோ, அப்பக்கத்திலேதான் அம்மக்களின் வாழ்வும் தொடங்கிற்று என்று பிறர் நம்பினர். நாளடைவில் அம்மக்களும் நம்பலாயினர். இம்மயக்கத்தைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆபிரிக்க மக்கள் இம்மயக்கத்தால் நெடுங்காலம் துன்புற்றவர்கள். ஐரோப்பியர் ஆட்சிக்கு முன் அவர்களுக்கு வரலாறே இல்லை எனக் கற்றோரும் எழுதினர். ஆனால் மேற்கு ஆபிரிக்காவின் மாலிப் பேரரசன் மன்சா மூசா, 1324ஆம் ஆண்டு மக்கா யாத்திரை சென்ற வழியில் கெய்ரோ நகரில் வாரி வழங்கிய பொன்னால் அங்கே பொன்னின் விலையே இறங்கிற்று. அப்பேரரசின் திம்புக்து நகர் நூல்களுக்கும் அறிஞர்க்கும் பெயர்பெற்று விளங்கியது. தெற்கே பெரும் சிம்பாப்வே என்னுமிடத்தில், சாந்து இன்றிக் கல்லின்மேற் கல்லடுக்கி எழுப்பிய மதில் ஏறத்தாழ 11 மீற்றர் உயரமுடையது. 1871இல் அதனைக் கண்ட கார்ல் மௌக் என்னும் ஜெர்மானியர், ஆபிரிக்கர் இத்தகைய கட்டடத்தை எழுப்பியிருக்க இயலாது என்று கருதி, விவிலியம் கூறும் சேபா அரசியோடு அதனைத் தொடர்புபடுத்தினார். 1905இல் ராண்டல் மக்கைவரும், 1929இல் கேட்டன் தொம்சன் அம்மையாரும் அகழ்ந்தாராய்ந்து, அது ஆபிரிக்கர் கைவேலையே என்று நிறுவினர். 1980இல் விடுதலை பெற்ற நாடு அக்கல்நகரின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது.

இனி நம் மலையகத்துக்கு வருவோம். இலங்கை வரலாற்றில் மலையகத் தமிழர் பேசப்படுவது, 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்ட காலந்தொட்டேயாம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், கோப்பி அழிந்தபின் தேயிலை ஹற்றன், நுவரெலியா மலைகளெங்கும் பரவியதும் அடுத்துக் கூறப்படும். இவற்றிடையே நம் முன்னோர் செக்ரோலில் எழுதிய பெயர்களாகவும், பிரட்டுக்களத்தில் எண்ணிய தலைகளாகவும் மட்டுமே காட்சியளிப்பர். வகுப்பில் முன்னோர் யாவர் என வினவினால், கங்காணியோடு கூலிக்கு வந்தவர்கள் என்று தலைகவிழ்ந்து கூறும் மாணவர் உளர். அவ்விடை பொய்யன்று, ஆனால் அது கதையின் நடுப்பகுதி. முற்பகுதியை அறியாத பிள்ளை தன் பிறப்பையே குறையாகக் கருதத் தொடங்கிவிடும். அதுவே நாம் அஞ்சவேண்டிய கேடு.

அம்முற்பகுதி யாது? திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். அது ஏரியும் கால்வாயும் கொண்டு நீரைக் காத்துப் பயிர்செய்த நாடு. கரிகாலன் கட்டியதாக வழங்கும் கல்லணை காவிரியின் ஆழ்மணலில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதியில் அணைகட்டிய ஆங்கிலப் பொறியியலாளர் ஆதர் கொட்டன், மணலில் அடித்தளமிடும் வகையை அந்நாட்டவரிடமிருந்தே கற்றதாக ஒப்புக்கொண்டார்.

ஊராட்சியிலும் ஒரு முறை இருந்தது. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறித்த கல்வெட்டுக்கள் குடவோலைத் தேர்தலை விதிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டு, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர் தெரியப்பட்டனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் பின்னர்த் தெரியப்படலாகாது. இன்றைய சங்கங்களும் நினைவிற் கொள்ளத்தக்க விதியன்றோ இது!

கடலும் தமிழர்க்குப் புதிதன்று. சான்று ஆபிரிக்கக் கரையிலேயே உண்டு. எகிப்தின் செங்கடற் றுறையாகிய குசேர் அல் காதிமில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பானையோட்டில் ‘பானை ஒறி’ என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்பட்டன. அக்கரையின் பெரனிக்கே துறைக் கோயிலில், தென்னிந்திய மிளகு 7 கிலோவுக்கு மேல் ஒரு சாடியிற் கிடைத்தது. கூலியாளாகக் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழர் வணிகராய்க் கடல் கடந்தனர்.

எனினும், பழம்பெருமை பேசுங்கால் உண்மையை மறைத்தலாகாது. உத்தரமேரூர் அந்தணர் ஊர். அங்கே வாரியத்துக்குத் தெரியப்படுவதற்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். தோட்டங்களுக்கு வந்தோரிற் பலர் நிலமற்றோரின், தாழ்த்தப்பட்டோரின் வழியினர். கல்வெட்டில் அவர் பெயர் இல்லை. ஆனால் ஏரிக்கு மண் சுமந்தவர் யார்? கரை உடைந்தபோது அடைத்தவர் யார்? அரசர் பெயர் கல்லில் நின்றது. உழைத்தோர் அறிவு கையில் நின்றது. மலைச்சரிவில் மழைநீர் மண்ணை வாரிச் செல்லாதபடி கான் வெட்டியவையும் கல்லடுக்கியவையும் அத்தகைய கைகளே. அவர்களை ஊரைவிட்டுப் பெயர்த்தவை கடனும், நிலமின்மையும், சாதிக் கொடுமையும், 1876–78இற் சென்னை மாகாணத்தை வாட்டியது போன்ற பஞ்சங்களுமாம்.

அவர்கள் வெறுங்கையோடு வரவுமில்லை. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் உடன்வந்து லயங்களில் வாழ்ந்தன. மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்திராவிடில் அவற்றுட் பல பாடினோருடனேயே மறைந்திருக்கும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம்மவர் மிகப் பலர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோர்க்கு 2003இல் மற்றொரு சட்டம் குடியுரிமை வழங்கியது. குடியுரிமையைச் சட்டம் தரலாம். வரலாற்றை நாமே தேடல் வேண்டும். ஆதலின் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் பழைய ஊரின் பெயரையும், வந்த வழியையும், அறிந்த பாடலையும் கேட்டு எழுதிவைப்பாராக. பழைய மாணவர் அக்குறிப்பேடுகளைக் கல்லூரி நூலகத்தில் ஒருங்கே பேண உதவுவாராக. வெளியூர் சென்று உயர்ந்தோரும் தம் குடும்பக் கதையை எழுதி அனுப்புதல் நன்று. முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்படல் வேண்டும்.