ரோலர் மில்லுக்கு எந்த ஃபீடர்?

உணவுப் பொறியியல் இறுதியாண்டு மாணவர்களின் திட்ட அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை சில வருடங்களாக எனக்கு வாய்த்திருக்கிறது. ரோலர் மில் பற்றிய அறிக்கை என்றால் முதலில் ஃபீடர் பக்கத்தைத்தான் திருப்புவேன். அண்மைக்காலமாக அந்தப் பக்கத்தில் ஒரே படம்தான்: அதிர்வுத் தட்டு, அதாவது வைப்ரேட்டர் ஃபீடர். ஏன் இது என்று கேட்டால் இரண்டு விடைகள் வரும். கண்காட்சியில் பார்த்தோம், இப்போது எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்பது ஒன்று. "அப்பா இதைத்தான் போடச் சொன்னார் சார்" என்பது மற்றொன்று. அந்த அப்பாவுக்கு அரிசி ஆலை இருக்கும். நெல்லின் உமியை உரிக்கும் ரப்பர் ரோல் ஷெல்லரின் தலையில் பல வருடமாக அதிர்வுத் தட்டு குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். மகனோ மகளோ கோதுமை மில்லுக்குத் திட்டம் எழுதும்போது அதே தட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அரைக்கப்போகும் சரக்கு எது, அது எப்படி ஓடும் என்று யோசித்த அடையாளம் அறிக்கையில் இருப்பதில்லை.

ஃபீடருக்கு என்ன வேலை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஊர் மாவு மில்லில் தானியம் கல்லின் நடுக்கண்ணில் விழுகிறது. சுற்றுகிற வேகமே அதை விளிம்புவரை பரப்பிவிடும். ரோலரில் அந்த வசதி கிடையாது. 250 மி.மீ. விட்டமும் 1,000 மி.மீ. நீளமும் உள்ள இரண்டு ரோல்கள் நெருங்கும் கோட்டில் தானியம் எங்கே விழுகிறதோ அங்கேயே அரைபடும். பக்கவாட்டில் நகராது. முதல் பிரேக்கில், அதாவது கோதுமையை முதலில் உடைக்கும் ரோல் ஜோடியில், மணிக்கு 3 டன் கோதுமை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோல் நீளத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நொடிக்கு 8 கிராமுக்குச் சற்று அதிகம், அதாவது 200-க்கும் மேற்பட்ட மணிகள். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் மணி நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர் வேகத்தில் ரோலைத் தொடும். நிமிடத்துக்கு 500 சுற்றுப் போகும், ஜோடியில் வேகமான ரோலின் மேற்பரப்போ நொடிக்கு 6.5 மீட்டர் ஓடுகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், விழும் திரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரே ஒரு மணிதான் இருக்க வேண்டும். இந்த மெல்லிய திரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கனம் மாறாமல் தொங்கவிடுவதுதான் ஃபீடரின் வேலை.

திரை ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கம் ரோல்கள் விலகிக்கொடுக்கும், சரக்கு கரடாக இறங்கும். மெலிந்த பக்கத்தில் தவிடு நொறுங்கி மாவோடு கலந்து மாவின் நிறம் கெடும். பல் வெட்டிய பிரேக் ரோலில் இது கொஞ்சம் பொறுக்கும். ரவையை மாவாக்கும் வழவழப்பான ரிடக்‌ஷன் ரோலில் இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே சரக்கு விழாத இடத்தில் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறும், தேய்மானமும் சமமாக இருக்காது. ஒருமுறை பள்ளம் விழுந்த ரோலை எந்த ஃபீடராலும் சரிசெய்ய முடியாது. கழற்றிக் கடைசலுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

இனி, எதைப் போடலாம்?

ஹாப்பர் அடியில் வெறும் கேட் வைப்பது மிகவும் மலிவு. தானியம் தண்ணீர் மாதிரி நடந்துகொள்வதில்லை. ஹாப்பரில் எவ்வளவு உயரம் நின்றாலும் வாயில் இறங்கும் வேகம் ஏறக்குறைய மாறாது. இதைக் கேட்டு, கேட்டே போதுமே என்று மாணவர்கள் சந்தோஷப்படுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 15 மி.மீ. திறந்தாலே மணிக்கு 8 டன் அளவுக்குக் கோதுமை கொட்டிவிடும். 3 டன்னுக்குக் குறைக்கலாம் என்று வாயைச் சிறிதாக்கினால் மணிகள் ஒன்றை ஒன்று தாங்கி வளைவு கட்டி நின்றுவிடும். கேட் கொஞ்சம் கோணினாலும் ஆபத்து. ஒரு முனையில் 12, மறுமுனையில் 13 மி.மீ. என்றால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கே நாலில் ஒரு பங்கு சரக்கு அதிகம் விழும். மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் உடைக்கிறவர் கேட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். மைதா, ரவை எடுக்கிறவருக்கு அது போதாது.

ஸ்க்ரூவைத் தனி ஃபீடராக நம்ப வேண்டாம். சம இடைவெளி ஸ்க்ரூ ஹாப்பரின் பின்முனையிலிருந்து மட்டும் சரக்கை இழுக்கும், வெளிவாயில் துடித்துத் துடித்துத் தள்ளும். ஆனால் துணைக்கு ஸ்க்ரூ அருமையான சாமான். நடுவிலிருந்து இடமும் வலமுமாக எதிரெதிர்ச் சுற்று வெட்டிய ஸ்க்ரூ, பிரேக் ரோலின் தலையில் பொசுபொசுவென்று வந்து குவியும் தவிட்டுச் சரக்கை இரண்டு முனைகளுக்கும் கொண்டுபோகும். அதைக் கோட்டில் இறக்கிவிடக் கீழே ஃபீட் ரோல் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) இருக்க வேண்டும்.

எடை பார்த்து ஊட்டும் பெல்ட், தொடுதிரை வைத்த எடைத் தொட்டி முதலியவை மில்லுக்குள் கோதுமை நுழையும் இடத்துக்கு நல்லவை. அதற்குப் பிறகு தேவையில்லை. மணிக்கு 2 டன், பிழை அரை சதவீதம் என்று எல்லாப் பாசேஜுக்கும், அதாவது ஒவ்வொரு அரைப்புக் கட்டத்துக்கும், எழுதிக்கொண்டு வருகிற மாணவர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இரண்டாம் பிரேக்குக்கு எவ்வளவு வரும் என்பதை அந்த ரோலின் ஃபீடர் முடிவு செய்வதில்லை, மேலே இருக்கும் சல்லடை முடிவு செய்கிறது. வந்ததை வந்த அளவில், தேங்கவும் விடாமல் காலியாகவும் விடாமல், முழு அகலத்துக்கும் பரப்பி அனுப்ப வேண்டும். ரோலுக்கு மேலே உள்ள கண்ணாடிக் குழாயில் சரக்கு நிற்கும் மட்டத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபீடர்தான் அங்கே வேண்டும்.

இப்போது அதிர்வுத் தட்டுக்கு வருகிறேன்.

அரிசி ஆலையில் அது சரியான தேர்வு, சந்தேகமே இல்லை. நெல் காய்ந்த சரக்கு, எல்லா மணியும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒட்டாது. ரப்பர் ரோலின் அகலமும் பெரும்பாலான ஷெல்லர்களில் 10 அங்குலம்தான். தட்டு நெல்லை ஒற்றை அடுக்காக்கி, சாய்வுச் சரிவில் தலை கால் பார்த்து ஓடவிட்டு, ரோலின் முழு அகலத்துக்கும் கொடுக்கிறது. அது கொடுக்கத் தவறினால் ரப்பர் நடுவில் குழிந்து உமி உரியாத நெல் கீழே வரும். அப்பா சொல்வது அவருடைய ஆலைக்கு முழு உண்மை. கோதுமை மில்லுக்கு அது அப்படியே பெயர்ந்து வராது.

முதல் காரணம் ஈரம். கோதுமையைத் தண்ணீர் சேர்த்து ஊறவைத்து 16 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தில்தான் முதல் பிரேக்குக்கு அனுப்புகிறோம். தோல் ஈரமான மணி தட்டில் தயங்கும். அடுத்தடுத்த பாசேஜ்களில் மாவுத்தூள் சேர்ந்துவிடும். அதிர்வு அந்தத் தூளைத் தட்டிக் கெட்டிப்படுத்தித் தகட்டோடு பூச்சாக ஒட்டவைக்கும். காலையில் துடைத்த தட்டு மாலையில் ஒரு மூலை உயர்ந்து நிற்கும், சரக்கு மறுமூலைக்கு ஒதுங்கும். பூச்சு தங்கும் இடத்தில் வண்டு தங்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, பிரிந்துபோதல். பெரியதும் சிறியதும் கலந்த சரக்கை அதிரவைத்தால் சிறியது இடுக்கு வழியே அடிக்கு இறங்கும், பெரியது மேலே மிதக்கும். முறத்தில் கொழிக்கிற கை இதற்காகவேதான் ஆட்டுகிறது. பிரேக் சரக்கில் ரவை, குருணை, தவிட்டுச் செதில், மாவு நாலும் கலந்திருக்கும். அடிக்கு இறங்கிய ரவை தகட்டை ஒட்டியும் மேலே மிதக்கும் செதில் தன் போக்கிலும் போகும். தட்டு இம்மி சாய்ந்தாலும் இரண்டும் சாயும் விதம் வேறு. ரோலின் இடது முனைக்கு ரவை மிகுந்த சரக்கும் வலது முனைக்குத் தவிடு மிகுந்த சரக்கும் விழுந்தால், எடை சமமாக இருந்தும் அரைப்பு சமமாக இராது. எடை போட்டுப் பார்க்கிற சோதனையில் இந்தக் குறை தெரியவே தெரியாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, கரண்ட். மின்காந்தத்தால் அதிரும் தட்டின் இழுவிசை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். அழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் விசை ஏறக்குறைய 19 சதவீதம் இறங்கும். தொழிற்பேட்டையில் பக்கத்துப் பட்டறைக்காரர் பெரிய மோட்டாரைப் போடும் நேரம் உங்கள் திரை மெலியும். வீச்சை அளந்து திருத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி போட்டு இதைச் சமாளிக்கலாம். அது கூடுதல் செலவு, முதல் இரண்டு குறைகளை அது தொடவும் செய்யாது.

நான்காவது, அகலம். 25 செ.மீ. தட்டை மட்டம் பார்த்து வைப்பது எளிது. ஒரு மீட்டர் அகலத் தட்டின் எல்லா ஸ்பிரிங்கும் ஒரே இறுக்கத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். ஒரு போல்ட் தளர்ந்தால் ஒரு பக்கம் துள்ளல் கூடிவிடும். அது படிப்படியாக நடப்பதால் யார் கண்ணிலும் படாது, ரோல் தேய்ந்த பிறகுதான் தெரியும்.

கண்காட்சியில் இவற்றில் எதுவும் தென்படாது. அங்கே சுத்தம் செய்த, ஊறவைக்காத கோதுமையைச் சிறிது நேரம் ஓட்டிக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் இரண்டு கிலோ மாதிரி அரைக்கிற சிறு மில்லுக்கும் அது போதும்.

எனக்குப் பிடித்தது இரட்டை ஃபீட் ரோல். நான் தொழில் கற்றது அதன் பக்கத்தில் நின்றுதான், ஆகவே என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. மேல் ரோல் மெதுவாகச் சுற்றி, தன் பள்ளங்களில் அளந்து எடுத்துக் கேட்டின் கீழே நீட்டுகிறது. கீழ் ரோல் வேகமாகச் சுற்றி, அதே சரக்கை மெல்லிய திரையாக இழுத்து, அரைக்கும் ரோல்கள் சேரும் கோட்டைக் குறிபார்த்து வீசுகிறது. சுற்று இரட்டித்தால் சரக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். இந்த நேர்க்கணக்கு கேட்டிடமும் தட்டிடமும் கிடையாது. பிரேக்குக்கு ஆழமான பள்ளம், ரிடக்‌ஷனுக்கு நுணுக்கமான பள்ளம் என்று பாசேஜுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். கோதுமை ஒரு கனமீட்டர் 750 முதல் 800 கிலோ எடை இருக்கும், தவிடு அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இத்தனை வித்தியாசமான சரக்குகளை ஒரே அமைப்பால் சமாளிக்க முடிவது ஃபீட் ரோலில்தான். பழைய மில்களில் சரக்கின் எடையே ஒரு தகட்டை அழுத்தி, நெம்புகோல் வழியாகக் கேட்டைத் திறக்கும். இப்போது சென்சார் மட்டத்தைப் பார்த்து இன்வெர்ட்டர் மூலம் வேகத்தை மாற்றுகிறது. சரக்கு நின்றால் அரைக்கும் ரோல்கள் தாமாக விலகிக்கொள்ளும் ஏற்பாடு இரண்டிலும் அவசியம். விலை கூடுதல்தான். கடைசலில் பிடித்துப் பள்ளம் வெட்டத் தெரிந்த பட்டறை ஒன்றும் தேவை. அந்தச் செலவுக்குப் பயந்து தட்டுக்குப் போகிறவர்கள் ரோலை மறுபடி மறுபடி பல் வெட்டும் செலவைக் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு மில் போட்டுக் கொடுப்பது பெரிய காரியம். ஆனால் எந்திரத்தையும் நீங்களே தேர்ந்தெடுத்து, அதை ஓட்டுகிற வாழ்க்கையையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எதையும் தானாகப் பார்க்கப் பழகுவதில்லை. மில் வேலைக்கு ஒரு நாட்டம் வேண்டும். சத்தத்தில் சின்ன மாற்றம் கேட்டால் திரும்பிப் பார்க்கிற காது, விரல் நுனியில் ரவையின் கரடு தெரிகிற கை, ஒரே கண்ணாடிக் குழாயை அலுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிற பொறுமை ஆகியவை சிலருக்கு இயல்பாக வரும், சிலருக்குப் பழகப் பழக வரும். கணினித் திரையில் வடிவமைப்பு வரைவதில் கெட்டிக்காரராக இருக்கும் மாணவர் அதையே செய்யட்டும், அதிலும் மில்களுக்கு ஆள் தேவைப்படுகிறது. தூசியும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாதவரை இதற்குள் தள்ள வேண்டாம். ஆசை இருக்கிறவர்களுக்கு வழி உண்டு. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் (சிஎஃப்டிஆர்ஐ) மாவாலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓடுகிற ரோலர் ஃப்ளவர் மில்களில் பயிற்சிக்குக் கேட்டால் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். போனால் ரோலர்களைக் கவனித்துக்கொள்ளும் ரோலர்மேன் பக்கத்தில் நில்லுங்கள். அவர் பேசாமல் செய்கிறதையும் கவனியுங்கள். முதல் வாரத்தில் ஒன்றும் புரியாது. அதற்காக ஓடி வந்துவிடாதீர்கள்.

அறிக்கையை முடிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எந்த ஃபீடரைத் தேர்ந்தாலும் நீங்கள் உண்மையில் அரைக்கப்போகும் சரக்கையே, ஊறவைத்த ஈரத்தோடு, ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டுங்கள். தொடங்கியதும் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடியும்போது ஒருமுறை, ரோலுக்குக் கீழே உள்ள மாதிரிக் கதவு வழியாக இடது முனை, நடு, வலது முனை மூன்றிலும் தட்டைக் கரண்டியால் சரக்கு எடுங்கள். மேலே ரோல் பக்கம் கை போகவே கூடாது. எடுத்த மூன்றையும் தனித்தனியே ஒரே அளவு எடையில் ஒரே சல்லடையில் ஒரே நேரம் சலித்து, கீழே இறங்கியது எத்தனை சதவீதம் என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் உடனே ஃபீடரைக் குறை சொல்லாமல், முதலில் அரைக்கும் ரோல்கள் இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள், அடுத்து கேட்டின் இரண்டு முனைகளையும் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து ஷிஃப்ட் முடியும்போது மட்டும் வித்தியாசம் வளர்ந்திருந்தால், ஃபீடரைத் திறந்து எந்த மூலையில் பூச்சு ஏறியிருக்கிறது என்று படம் எடுத்து அறிக்கையில் சேருங்கள்.